ஏசி கம்ஃபர்ட்டர்: மூன்று துவையலுக்குப் பிறகு எது தேறும்?

ஆன்லைனில் ‘ஏசி கம்ஃபர்ட்டர்’ என்று தேடினால் வரிசையாக வந்து நிற்பவை எல்லாம் ஏறக்குறைய ஒரே பொருள்தான், ஏசி அறையில் போர்த்திக்கொள்ளும் பஞ்சுப் போர்வை. மேலும் கீழும் மைக்ரோஃபைபர் துணி, நடுவில் பாலியெஸ்டர் பஞ்சு, கட்டம் கட்டமாகத் தையல். டபுள் சைஸ் என்றால் 90க்கு 100 இன்ச், பஞ்சின் கனம் 200 முதல் 250 ஜிஎஸ்எம். விலை ஆயிரத்தில் தொடங்கி இரண்டாயிரத்துச் சொச்சம் வரை போகிறது. எல்லாவற்றிலும் ‘மெஷினில் துவைக்கலாம்’ என்ற வரி தவறாமல் இருக்கும். பையிலிருந்து எடுத்து விரித்த அன்று எல்லாமே புசுபுசுவென்றுதான் இருக்கும். நல்லது எது, மட்டமானது எது என்பது மூன்றாவது துவையலில்தான் தெரியும். அதனால் இந்த விமர்சனம் முழுக்க அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இலவம் பஞ்சு, ரஜாய் எனும் வடநாட்டுப் பருத்திப் போர்வை, இறகு வைத்த டூவே எனும் வெளிநாட்டுப் போர்வை எல்லாவற்றையும்விட வீட்டில் துவைக்க எளிதானது இந்த மைக்ரோஃபைபர் வகைதான். பத்துக்கு எட்டு மதிப்பெண் தாராளமாகத் தரலாம். குறைத்த இரண்டும் காயவைப்பதில் இருக்கும் தொல்லைக்காக. சோப்பாலோ மெஷினாலோ கெட்டுப்போனதைவிட, ஈரத்தோடு ஒற்றைக் கொடியில் ஒரு நாள் முழுக்கத் தொங்கிக் கெட்டுப்போன கம்ஃபர்ட்டர்தான் அதிகம்.

பொருளை எடை போட்டுப் பார்ப்பதிலிருந்து தொடங்குவோம். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு. 90க்கு 100 இன்ச் என்றால் பரப்பு சுமார் 5.8 சதுர மீட்டர். உள்ளே 200 ஜிஎஸ்எம் பஞ்சு உண்மையிலேயே இருந்தால் பஞ்சு மட்டும் 1,160 கிராம் வரும். இரண்டு பக்கத் துணியும் சேர்ந்து ஒரு கிலோவை ஒட்டி வரும். ஆக மொத்த எடை 2.1, 2.2 கிலோ இருக்கவேண்டும். ஊருக்குப் போகும் பெட்டியை எடை பார்க்கும் கொக்கித் தராசு இருந்தால் பையோடு மாட்டித் தூக்கிப் பாருங்கள். 1.6 கிலோதான் காட்டுகிறது என்றால் பஞ்சு 100 ஜிஎஸ்எம் அளவுக்குத்தான் இருக்கிறது, அட்டையில் என்ன அச்சடித்திருந்தாலும். திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் செய்யவேண்டிய முதல் வேலை இது. வந்த எடையை ஓரத்தில் இருக்கும் துவையல் லேபிளிலேயே அழியாத மார்க்கரால் எழுதிவையுங்கள். காயவைக்கும்போது இந்த எண் மறுபடி தேவைப்படும்.

அடுத்தது பஞ்சு எந்த வடிவில் இருக்கிறது என்பது. நல்ல கம்ஃபர்ட்டரில் ஹாலோ ஃபைபரை, அதாவது உள்ளே குழலாக இருக்கும் பாலியெஸ்டர் இழையை, சூட்டில் ஒட்டவைத்துப் பாளமாக, ஒரு விரிப்பு மாதிரி, துணிகளுக்கு நடுவில் வைத்துத் தைத்திருப்பார்கள். மலிவான சிலவற்றில் உதிரிப் பஞ்சை ஊதி நிரப்பியிருப்பார்கள். கண்டுபிடிப்பது சுலபம். ஒரு கட்டத்தின் நடுவில் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடித்துத் தேயுங்கள். மேல்துணி வழுக்கி, உள்ளே ஒரே படலமாக எதிர்த்து நின்றால் அது பாளம். உள்ளிருப்பது உருண்டு உருண்டு திரண்டால் அது உதிரி. பாளம் துவையலுக்குத் துவையல் கொஞ்சம் மெலியுமே தவிர, முடிச்சு விழாது. உதிரிப் பஞ்சு இரண்டாவது துவையலிலேயே எலுமிச்சங்காய் அளவுக்கு உருண்டைகளாகி, நடுவில் வெறும் துணி மட்டும் மிஞ்சும் இடங்கள் வந்துவிடும்.

தையலையும் பாருங்கள். கட்டம் 25, 30 சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. 40ஐத் தாண்டினால் பஞ்சு நகர இடம் கிடைத்துவிடுகிறது. மேலிருந்து கீழாக நீள வரிகள் மட்டும் போட்டு, குறுக்குத் தையலே இல்லாத வகையை வீட்டில் துவைக்க நினைப்பவர்கள் தவிர்த்துவிடலாம். தண்ணீர் ஏறிய பஞ்சு அந்த நீளக் குழாய்க்குள் வழுக்கிக் கீழே இறங்கிவிடும். இன்னொரு வகையில் நூலே இருக்காது. புள்ளி புள்ளியாக அழுத்தின தடம் மாதிரித் தெரியும். அது ஒலி அதிர்வில் துணிகளை உருக்கி ஒட்டியது. பார்க்கச் சீராக இருக்கும், நூல் பிரியும் கவலையும் இல்லை. ஆனால் ஈரத்தில் எடை இழுக்கும்போது ஒட்டு விடும், சில சமயம் ஒட்டிய புள்ளியே பொத்தலாகிவிடும். நூல் தையல் பிரிந்தால் வீட்டு ஊசியால் சரிசெய்யலாம். ஒட்டு விட்டால் அந்த இடத்தைப் பழையபடி கொண்டுவர முடியாது. இந்த வகைக்கு எங்கள் பரிந்துரை கிடையாது.

நம் வீடுகளில் கம்ஃபர்ட்டரைத் துவைக்கத் தயங்குவதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. தலைமுறைகளாக நமக்குப் பழக்கம் இலவம் பஞ்சு. மெத்தையையோ தலையணையையோ தண்ணீரில் போடக்கூடாது, வெயிலில் போடவேண்டும், கட்டிதட்டினால் பிரித்து அடித்துத் திரும்பத் தைக்கவேண்டும். இலவத்துக்கு அதுதான் சரி. பாலியெஸ்டர் வேறு ஜாதி. பருத்தி நூறு கிராம் காற்றிலிருந்தே ஏழெட்டு கிராம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பாலியெஸ்டர் அரை கிராம்கூட இழுக்காது. தண்ணீர் இழைக்குள் போவதில்லை, இழைகளுக்கு இடையில்தான் நிற்கிறது. அதனால் துவைத்தால் அழுக்கு சுலபமாகப் போகும், காற்றோட்டம் இருந்தால் சீக்கிரம் காயும். ஆனால் எண்ணெய் விஷயத்தில் நேர் எதிர். பாலியெஸ்டர் எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு படுக்கும் வீட்டில் ஒரே மாதத்தில் இதைப் பார்க்கலாம். தலைமாட்டுப் பக்க ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு நிறம் கொஞ்சம் கருத்து, தொட்டால் லேசாகப் பிசுபிசுத்து, முகர்ந்தால் பழைய எண்ணெய் வாடை அடிக்கும். வெறும் வெயிலுக்கு இது போகாது.

அந்தப் பட்டைக்கு மெஷினில் போடும் முன்பே வைத்தியம் செய்துவிடவேண்டும். பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு ஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணீர் நாலு ஸ்பூன் கலந்து, பழைய டூத் பிரஷால் மேல்துணியில் மட்டும் தடவி, கால் மணி நேரம் விடுங்கள். பிரஷை அழுத்தித் தேய்க்கவேண்டாம். மைக்ரோஃபைபரில் சின்னச் சின்னதாக உருண்டை எழுந்துவிடும், அது பிறகு போகாது.

சின்னக் கறைக்காக முழு கம்ஃபர்ட்டரையும் நனைக்கவேண்டியதில்லை. கறை பட்ட இடத்துக்கு அடியில் இருக்கும் பஞ்சை விரலால் ஒதுக்கித் தள்ளுங்கள். மேல்துணியை மட்டும் கூம்பு மாதிரித் தூக்கி, அடியில் ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிவிட்டால், ஒரு கிண்ணத் தண்ணீரில் அந்தக் கூம்பை மட்டும் அலசி எடுத்துவிடலாம். பஞ்சு நனையாது, அரை மணியில் காய்ந்துவிடும். ரத்தக் கறைக்குக் குளிர்ந்த தண்ணீர் மட்டுமே. வெந்நீர் பட்டால் கறை துணியிலேயே ஊறி நின்றுவிடும். மஞ்சள் பட்டால் பதறவேண்டாம். சோப்பு பட்டதும் அது குங்குமச் சிவப்பாக மாறும். மஞ்சளில் இருக்கும் நிறப்பொருள் காரம் பட்டால் அப்படித்தான் சிவக்கும். அலசியதும் மீண்டும் மஞ்சளாகிவிடும். எண்ணெய்ப் பசை போகும்வரை லிக்விடால் அலசிவிட்டு, ஈரத்தோடு நேர் வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். மஞ்சள் நிறம் வெயிலுக்கு வெளுத்துப்போகும். குழந்தை நனைத்துவிட்டால் மட்டும் மேல்துணி வைத்தியம் போதாது, ஈரம் பஞ்சு வரை இறங்கியிருக்கும். டர்க்கி டவலை வைத்து அழுத்தி உறிஞ்சி எடுத்துவிட்டு, அன்றே முழுதாகத் துவைத்துவிடுவது நல்லது.

இப்போது மெஷின். மெஷினின் கிலோக் கணக்கு இங்கே ஏமாற்றும். 2.2 கிலோ கம்ஃபர்ட்டர் 7 கிலோ மெஷினுக்குத் தூசு என்று தோன்றும். ஆனால் அந்த 7 கிலோ பருத்தித் துணிக்கான கணக்கு. இங்கே பார்க்கவேண்டியது எடையை அல்ல, அது அடைக்கும் இடத்தை. ஃபிரண்ட் லோடில் போட்டபின் மேலே ஒரு உள்ளங்கையைச் செங்குத்தாக நுழைக்க இடம் இருக்கவேண்டும். இல்லையென்றால் உருண்டு விழ இடமில்லாமல், வெளிப்பக்கம் மட்டும் நனைந்து நடுப்பாகம் சோப்புத் தண்ணீரையே பார்க்காமல் வந்துவிடும். சிங்கிள் சைஸ் 6.5, 7 கிலோ மெஷினில் நிம்மதியாகத் துவையும். 200 ஜிஎஸ்எம் டபுளுக்கு 8 கிலோ வசதி, 7 கிலோ இழுபறி. 300 ஜிஎஸ்எம்முக்கு மேல், கிங் சைஸ் என்றால் 9 கிலோவுக்குக் குறைந்த மெஷினில் முயற்சியே வேண்டாம், பெரிய டிரம் வைத்திருக்கும் லாண்டரிக்குக் கொடுத்துவிடுங்கள். அங்கே தண்ணீர்த் துவையல் என்று சொல்லிக் கொடுக்கவேண்டும். பாலியெஸ்டர் பஞ்சுக்கு டிரை கிளீனிங் தேவையில்லை, தடித்த பஞ்சில் கரைப்பான் வாடைதான் தங்கும்.

போடுவதற்கு முன் பிரிந்த தையல், சின்னக் கிழிசல் இருக்கிறதா என்று நாலு ஓரத்தையும் தடவிப் பாருங்கள். ஒரு இன்ச் கிழிசல் டிரம்மில் சுற்றும்போது ஒரு சாண் ஆகும், பஞ்சு மெஷினின் ஃபில்டர் வரை போகும். பிறகு நீளவாக்கில் விசிறி மடிப்பாக மடித்து, கையால் அழுத்திக் காற்றை வெளியேற்றி, டிரம்முக்குள் தள்ளுங்கள். பந்தாகச் சுருட்டிப் போடக்கூடாது. கதவை மூடும் முன் ரப்பர் வளையத்தில் ஓரம் மாட்டியிருக்கிறதா என்று விரலை விட்டு ஒரு சுற்றுப் பாருங்கள். கூடவே வேறு துணி எதையும் போடவேண்டாம்.

துணி துவைக்கும் லிக்விட் 30 மில்லி போதும். பவுடர் வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில், அதுவும் போர் தண்ணீரில், சரியாகக் கரையாத பவுடர் பஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். காய்ந்தபின் கறுப்பு, நீலத் துணியில் வெள்ளைத் திட்டாகத் தெரிவது அதுதான். அழுக்கு அதிகம் என்று சோப்பைக் கூட்டுவது பலரும் செய்யும் தவறு. பஞ்சுக்குள் காற்று அதிகம், நுரை பலமடங்கு எழும். நுரை எழுந்தால் மெஷின் ஸ்பின்னுக்குப் போகாமல் மறுபடி மறுபடி அலசிக்கொண்டே நேரத்தை இழுக்கும். துணி மென்மையாக்கும் கண்டிஷனரும் வேண்டாம். அது இழைமேல் ஒரு படலமாகப் படிந்து, அடுத்தடுத்த துவையலில் எண்ணெய் வாடையை உள்ளேயே அடைத்துவைக்கும். தண்ணீர் கடினமாக இருக்கும் வீட்டில், கடைசி அலசலின்போது கண்டிஷனர் அறையில் 50 மில்லி வெள்ளை வினிகர் ஊற்றினால் சோப்பு மிச்சம் கழன்றுவிடும். பிளீச் கலந்த எதனோடும் வினிகரைச் சேர்க்கக்கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

தண்ணீர் 30 அல்லது 40 டிகிரி, சிந்தெடிக்ஸ் அல்லது பெட்டிங் புரோகிராம், ஸ்பின் 800, கூடுதலாக ஒரு அலசல். தூசிப்பூச்சி சாக 60 டிகிரி வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் மைக்ரோஃபைபர் லேபிள்கள் அவ்வளவு சூட்டை அனுமதிப்பது அரிது. சுருள் சுருளாக இருப்பதால்தான் உள்ளே இருக்கும் பஞ்சு இழை காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதிகச் சூட்டில் நசுங்கினால் அந்தச் சுருள் படிந்துவிடும், அதன்பின் எத்தனை உதறினாலும் எழாது. ஒவ்வாமை இருக்கும் வீட்டில் சரியான வழி, கம்ஃபர்ட்டருக்குப் பருத்தி உறை போட்டு அந்த உறையை 60 டிகிரியில் துவைப்பது.

டாப் லோடு வைத்திருப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஒன்று, கம்ஃபர்ட்டர் மிதக்கும். தண்ணீர் பாதி ஏறியதும் நிறுத்தி, கையால் அமுக்கிக் காற்றுக்குமிழிகள் எல்லாம் வரும்வரை முக்கி, டப்பின் சுவரை ஒட்டி வளையமாகச் சுற்றி அமைக்கவேண்டும். பாதியில் ஒரு முறை நிறுத்தி, மேலிருப்பது கீழே போகும்படி புரட்டிவிடவேண்டும். இரண்டு, ஸ்பின். எடை ஒரே பக்கம் சாய்ந்தால் மெஷின் குதிக்கும். எல்ஜி மெஷின்களில் ‘யூஇ’ என்று திரையில் எழுதிக் காட்டி நின்றுவிடும். உடனே மறுபடி ஓட்டாமல், திறந்து, பிரித்து, சமமாகப் பரப்பிவிட்டு ஓட்டுங்கள். இதைச் சின்ன விஷயமாக நினைக்கவேண்டாம். 2016 நவம்பரில் அமெரிக்காவில் சாம்சங் நிறுவனம் சுமார் 28 லட்சம் டாப் லோடு மெஷின்களைத் திரும்பப் பெற்றது. அதிர்வில் மேல்பாகம் கழன்று வந்தது காரணம். சரிசெய்யும்வரை படுக்கை விரிப்பு, தண்ணீர் புகாத துணி, பருமனான துணி ஆகியவற்றை மென்மையான புரோகிராமில் மட்டுமே துவைக்கும்படி வாடிக்கையாளர்களுக்குச் சொன்னார்கள். தண்ணீர் புகாத மெத்தை உறையைக் கம்ஃபர்ட்டரோடு சேர்த்து எந்த மெஷினிலும் போடாதீர்கள். அது தண்ணீரைப் பைபோலப் பிடித்துக்கொண்டு ஸ்பின்னில் எடையைச் சாய்த்துவிடும். செமி ஆட்டோமேட்டிக்கில் டபுள் சைஸ் வேலைக்கு ஆகாது, அதன் ஸ்பின் குழிக்குள் அது நுழையவே நுழையாது.

மெஷின் இல்லாமலும் துவைக்கலாம். பெரிய பிளாஸ்டிக் டப், முழங்கால் அளவு தண்ணீர், 30 மில்லி லிக்விட். முக்கி, காற்றை அமுக்கி எடுத்து, 20 நிமிடம் ஊறவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே இறங்கிப் பத்து நிமிடம் மிதியுங்கள். கல்லில் அடிப்பது, முறுக்கிப் பிழிவது இரண்டும் கூடாது. முறுக்கினால் பாளமாக இருக்கும் பஞ்சு உள்ளுக்குள் கிழியும். மூன்று தண்ணீர் மாற்றி அலசியபின், டப்பிலிருந்து ஒரு முனையைப் பிடித்துத் தூக்காதீர்கள். நனைந்தது பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும், அந்த எடை முழுக்க நாலு தையலில் தொங்கும். தண்ணீரை வடித்துவிட்டு, டப்பிலேயே மடித்து, ஏறி நின்று அமுக்கி, சாய்த்து ஒரு மணி நேரம் வடியவிட்டு, பிறகு இரண்டு பேராகத் தூக்கவேண்டும்.

இனி காயவைப்பது.

ஒற்றைக் கொடியில் நடுவில் மடித்துப் போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். மேலே மடிப்பில் இரண்டு அடுக்கும் ஒட்டிக்கொண்டு காற்றுப் புகாது. தண்ணீர் முழுக்கக் கீழ் விளிம்புக்கு இறங்கும். இறங்கும் தண்ணீர் பஞ்சையும் இழுத்துக்கொண்டு போகும். கீழ் வரிசைக் கட்டங்கள் சாக்கு மாதிரி உப்பும், மேல் வரிசை தட்டையாகும், நடுத் தையல் விண்ணென்று இழுபட்டு நூல் அறும். மாலையில் மேல்துணியைத் தொட்டால் மொறுமொறுவென்று காய்ந்திருக்கும், எடுத்து மடித்து வைத்துவிடுவார்கள். உள்ளே கீழ் விளிம்பு இன்னும் ஈரமாகவே இருக்கும். நாலு நாள் கழித்து அலமாரியைத் திறந்தால் பூஞ்சை வாடை.

இரண்டு அடி இடைவெளியில் மூன்று கொடி கட்டி, அவற்றின்மேல் படுக்கைவாட்டில் விரிப்பதுதான் சரியான முறை. நடுவில் லேசாகத் தொய்ந்து மேடு பள்ளமாக இருக்கும், அடியிலும் காற்று போகும். மூன்று கொடி இல்லையென்றால் நாலு பிளாஸ்டிக் நாற்காலிகளின் முதுகுமேல் விரிக்கலாம். கயிற்றுக் கட்டில் இருந்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை. மொட்டை மாடித் தரையில் பாய் போட்டு விரிப்பது மூன்றாம் தரம். தரைப்பக்கம் வேர்த்துவிடும், அரை மணிக்கு ஒரு முறை புரட்டவேண்டியிருக்கும். அச்சடித்த பக்கம் கீழே இருக்கட்டும், நேர் வெயிலில் சாயம் வெளுக்கும். மணிக்கு ஒரு முறை புரட்டுங்கள். புரட்டும்போதெல்லாம் இரண்டு முனையைப் பிடித்து உதறி, ஒவ்வொரு கட்டத்தையும் இரு கையாலும் பிடித்து, பஞ்சைப் பிரித்துவிடுங்கள். பாதி காய்ந்த நிலையில்தான் கட்டி சுலபமாகப் பிரியும். முழுக்கக் காய்ந்தபின் பிரிக்கப் போனால் பஞ்சு பிய்ந்துவரும்.

மெஷினில் 800 ஸ்பின் முடிந்து வந்தது, நல்ல சித்திரை வெயிலில் நாலைந்து மணி நேரத்தில் காய்ந்துவிடும். கையால் துவைத்தது இரண்டு பகல் எடுக்கும். இரவில் வெளியே விடாதீர்கள், பனி இறங்கும். காய்ந்ததா என்பதை மேல்துணி சொல்லாது. ஓரத் தையலும் குறுக்குத் தையலும் சந்திக்கும் மூலைகளைக் கிள்ளிப் பிடித்துக் கன்னத்தில் வையுங்கள், சில்லென்றால் ஈரம். சந்தேகமே இல்லாத வழி தராசு. லேபிளில் எழுதிய எடை 2.15 என்று வையுங்கள். இப்போது 2.4 காட்டினால் கால் லிட்டர் தண்ணீர் இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், ஐப்பசி கார்த்திகையில், துவைக்கவே கூடாது. மார்கழிக் குளிர் முடிந்து, தை கடைசியிலோ மாசியிலோ ஒரு முறை, கோடை முழுக்க ஏசியில் பயன்படுத்தியபின் ஆடியில் காற்றடிக்கும் நாளாகப் பார்த்து ஒரு முறை, ஆண்டுக்கு இரண்டு போதும். மழைக்காலத்தில் தவிர்க்கவே முடியாமல் நனைந்துவிட்டால், ஏசி அறையில் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் விரித்து, ஏசியை டிரை மோடில் வைத்து, ஃபேனையும் போட்டுவிடுங்கள். டிரையர் இருப்பவர்கள் குறைந்த சூட்டில், பழைய வெள்ளை சாக்ஸுக்குள் டென்னிஸ் பந்து போட்டு முடிச்சிட்டு, அப்படி இரண்டு மூன்றைக் கூடவே போடவேண்டும். பந்து மோதும்போது பஞ்சு எழும்பும். சாக்ஸ் இல்லாமல் போட்டால் பந்தின் சாயம் துணியில் ஏறக்கூடும்.

துவைத்தபின் வரும் குறைகளில் பாதி சரிசெய்யக்கூடியவை. மேல்துணி வழியாக வெள்ளை இழை நுனி எட்டிப் பார்த்தால் பிடுங்காதீர்கள், பின்னாலேயே கொத்தாக வரும். மறுபக்கத்திலிருந்து துணியையும் பஞ்சையும் சேர்த்துப் பிடித்து உள்ளே இழுத்தால் நுனி மறைந்துவிடும். கட்டம் பெரிதாக இருந்து பஞ்சு நகர்கிறது என்றால், தடித்த பாலியெஸ்டர் நூலை இரட்டையாக ஊசியில் கோத்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் இரண்டு பக்கத் துணியையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போடுங்கள். மெத்தைக்காரர்கள் மெத்தையின் நடுவில் போடும் அதே முடிச்சுதான். ரொம்ப இறுக்கினால் அந்த இடத்தில் குளிர் நுழையும், துணி லேசாகக் குழிந்தால் போதும். பூஞ்சை வாடை வந்துவிட்டால், வினிகர் அலசலோடு மறுபடி துவைத்து ஒரே பகலில் காயும் நாளில் காயவைத்தால், முதல் தடவையென்றால் பெரும்பாலும் போய்விடும். கரும்புள்ளி விழுந்துவிட்டால் போகாது. சூட்டில் தட்டையான பஞ்சுக்கும் வைத்தியம் கிடையாது.

உறை விஷயத்தில் இங்கே விற்கும் கம்ஃபர்ட்டர்கள் பெரும்பாலும் கோட்டை விடுகின்றன. வெளிநாட்டு டூவே வெள்ளையாக, உறை போட்டே பயன்படுத்துவதற்காக வருவது. நம் கம்ஃபர்ட்டர் பூப்போட்டு, உறையில்லாமல் போர்த்திக்கொள்ள வருவது. அதனால்தான் இவ்வளவு துவையல் தேவைப்படுகிறது. பருத்தி உறை போட்டு, அதைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை துவைத்தால், கம்ஃபர்ட்டரைத் துவைப்பது ஆண்டுக்கு ஒரு முறையாகக் குறையும். மூலைகளில் நாடா இல்லாததால் உறைக்குள் கம்ஃபர்ட்டர் சுருண்டு ஒரு பக்கம் ஒதுங்கும். நாலு மூலையிலும், இரண்டு நீள ஓரங்களின் நடுவிலும் பருத்தி நாடாவில் வளையம் தைத்து, உறையின் உள்ளே அவற்றுக்கு நேராக நாடாத் துண்டு தைத்துக் கட்டிவிடுங்கள். அரை மணி நேர வேலை. பருத்தி உறையை முதலில் ஒரு முறை துவைத்துவிட்டு அளந்து பாருங்கள், நூற்றுக்கு மூன்று நாலு சுருங்கும்.

ஜெய்ப்பூர் ரஜாய் வைத்திருப்பவர்கள் இதே முறையை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. உள்ளே இருப்பது பருத்தி. தண்ணீரைக் குடிக்கும், மெதுவாகத்தான் காயும், சாயமும் முதல் துவையலில் விடும். குளிர்ந்த தண்ணீரில், கையால், பத்து நிமிடத்துக்குள் அலசி எடுத்துவிடவேண்டும். உறை போட்டு வெயிலில் மட்டும் வைத்துப் பயன்படுத்துவது இன்னும் நல்லது.

லண்டனிலும் டொராண்டோவிலும் இருக்கும் நம்மவர்களிடம் இருப்பது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று இதே ஹாலோ ஃபைபர், மேலே சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும். பிரிட்டனில் ஜிஎஸ்எம்முக்குப் பதில் டோக் என்று எழுதியிருக்கும், போர்வை எவ்வளவு சூடு காக்கும் என்ற அளவு அது. 4.5 கோடைக்கு, 10.5 இடைப்பட்ட காலத்துக்கு, 13.5 கடுங்குளிருக்கு. மற்றது வாத்து இறகு. இறகு புரதம், ஆகவே என்சைம் கலந்த சாதாரண லிக்விட் அதை அரித்துவிடும். கம்பளிக்கும் பட்டுக்கும் விற்கும் லிக்விட்தான் வேண்டும். நனைந்த இறகு ஈரநாய் வாடை அடிக்கும், பயப்படவேண்டாம், காய்ந்தால் போய்விடும். காயவைப்பதுதான் நீண்ட வேலை. குறைந்த சூட்டில், பந்துகளோடு, மூன்று நாலு மணி நேரம். அரை மணிக்கு ஒரு முறை வெளியே எடுத்து உதறி, கட்டிகளைக் கையால் உதிர்க்கவேண்டும். 13.5 டோக் கிங் சைஸ் இறகு டூவேயை வீட்டு மெஷினில் திணிக்கவேண்டாம், லாண்டரட்டின் பெரிய டிரம்முக்குக் கொண்டுபோங்கள்.

எடுத்து வைக்கும்போது, காய்ந்த கம்ஃபர்ட்டரை நிழலில் ஒரு மணி நேரம் ஆறவிட்டு மடியுங்கள். சூட்டோடு மடித்தால் உள்ளே வேர்க்கும். வாங்கும்போது வந்த பிளாஸ்டிக் பை வேண்டாம், பழைய பருத்தித் தலையணை உறையோ வேட்டியோ போதும். காற்றை உறிஞ்சிச் சுருக்கும் வேக்குவம் பையில் மாதக்கணக்கில் வைத்தால் பஞ்சு தட்டையாகும். நாப்தலின் உருண்டையும் தேவையில்லை, பாலியெஸ்டரைப் பூச்சி தின்னாது. அந்த வாடைதான் பஞ்சில் ஏறிக்கொண்டு போகமறுக்கும். பருத்தி உறையைக் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் தேடி வரும். அதற்குக் காய்ந்த வேப்பிலையோ வசம்போ துணியில் முடிந்து வைக்கலாம். அலமாரியில் அடியில் வைத்து மேலே பட்டுப்புடவையும் ஸ்வெட்டரும் அடுக்காமல், மேல்தட்டில் தனியாக வையுங்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு: 24 டிகிரி ஏசி அறைக்கு 200 ஜிஎஸ்எம் தாராளம், ஊட்டி, கொடைக்கானல் என்றால் 300. பாளப் பஞ்சு, 30 சென்டிமீட்டருக்குள் நூல் தையல் கட்டம், சொன்ன ஜிஎஸ்எம்முக்கு ஒத்த எடை இந்த மூன்றும் இருந்தால் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்ப் பொருளே நாலைந்து ஆண்டு உழைக்கும். இருவர் படுக்கும் கட்டிலுக்கு ஒரு கிங் சைஸ் வாங்குவதைவிட இரண்டு சிங்கிள் வாங்குங்கள். 60க்கு 90 இன்ச், ஒன்று 1.3 கிலோதான் வரும். 7 கிலோ மெஷினில் தடையில்லாமல் சுற்றும், ஒரு ஆளே தூக்கிக் கொடியில் போடலாம், காலை எட்டு மணிக்கு விரித்தால் மதியச் சாப்பாட்டுக்குள் காய்ந்துவிடும்.